லித்தியமா, சீசியமா: எது வீரியம் அதிகம்?

பதினோராம் வகுப்பில் வேதியியல் படித்த எல்லோருக்கும் ஒரு வாக்கியம் மனப்பாடமாக இருக்கும். கார உலோகங்களின் வினைத்திறன் தொகுதியில் மேலிருந்து கீழே வரவர அதிகரிக்கிறது என்பதுதான் அது. லித்தியம் சாது, சோடியம் கொஞ்சம் முரடு, பொட்டாசியம் தீப்பிடிக்கும், ருபீடியத்தையும் சீசியத்தையும் கேட்கவே வேண்டாம். தேர்வில் இப்படி எழுதினால் முழு மதிப்பெண்.

ஆனால் அதே பாடத்தில் இருக்கும் அட்டவணையைப் பாருங்கள். 'திட்ட மின்முனை அழுத்தம்' என்ற வரியில் லித்தியத்துக்கு −3.04 வோல்ட், பொட்டாசியத்துக்கு −2.93, சோடியத்துக்கு −2.71 என்று போட்டிருக்கும். எண் எவ்வளவு எதிர்மறையோ, தண்ணீரில் எலக்ட்ரானை விட்டுக்கொடுத்து அயனியாகிவிடும் நாட்டம் அவ்வளவு அதிகம் என்று பொருள். இந்தக் கணக்கில் முதலிடம் 'சாது'வான லித்தியத்துக்கு. கடைசி இடம் சோடியத்துக்கு!

ஔந்த்தில் எங்கள் குடியிருப்புப் பிள்ளைகள் சிலர் சாயங்கால வேளைகளில் என்னிடம் வேதியியல் சந்தேகம் கேட்க வருவதுண்டு. அவர்களில் ஒரு பெண் இதைக் கவனித்துவிட்டு, "அங்கிள், புக்லயே ரெண்டு மாதிரி போட்டிருக்கே, எதை எழுதறது?" என்று கேட்டாள். மிக நல்ல கேள்வி. 'லித்தியத்தின் சிறிய உருவமும் அதிக நீரேற்ற ஆற்றலும்தான் காரணம்' என்று பாடப்புத்தகங்கள் ஒரே வரியில் முடித்துவிடுகின்றன. யோசித்துப் பார்த்தால் அது பதிலே இல்லை. அதிக நீரேற்ற ஆற்றல் வினையைத் தூண்டத்தானே வேண்டும், எதற்காக மெதுவாக்க வேண்டும்?

இப்போது அந்த ஒரு வரியும் பல பிள்ளைகளுக்குக் கிடைப்பதில்லை. 2022-ல் என்.சி.இ.ஆர்.டி. பாடச்சுமையைக் குறைத்தபோது, கார உலோகங்களும் காரமண் உலோகங்களும் அடங்கிய அத்தியாயத்தைப் பதினோராம் வகுப்பிலிருந்து முழுவதுமாக எடுத்துவிட்டார்கள். என் அபிப்பிராயத்தில் எடுத்திருக்கக் கூடாத பாடம் அது. அதிலும் ஔந்த்தில் வசிக்கும் பிள்ளைக்கு இது தெரியாமல் போவது பெரிய நஷ்டம். ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

முதலில் குடும்பத்தைக் கொஞ்சம் அறிமுகப்படுத்திக்கொள்வோம். துணி வெளுக்கச் சாம்பலையும் உவர்மண்ணையும் பயன்படுத்தியவர்கள் நம் முன்னோர். சோடியத்தையும் பொட்டாசியத்தையும் அவர்கள் பெயர் தெரியாமலே கையாண்டிருக்கிறார்கள். அவற்றை உலோகமாகப் பிரித்துப் பார்த்தவர் லண்டனில் ஹம்ப்ரி டேவி. 1807-ல் உருகிய காரத்தில் மின்சாரத்தைச் செலுத்தி முதலில் பொட்டாசியத்தையும், சில நாட்களிலேயே சோடியத்தையும் எடுத்தார். லித்தியத்தை 1817-ல் ஸ்வீடனின் ஆர்ஃப்வெட்சன் ஒரு கனிமத்தில் கண்டுபிடித்தார். சீசியமும் (1860) ருபீடியமும் (1861) ஜெர்மனியில் புன்சனும் கிர்ச்சாஃபும் நிறமாலையில் தெரிந்த கோடுகளை வைத்துக் கண்டுபிடித்தவை. கடைசி உறுப்பினரான பிரான்சியம், 1939-ல் மார்கெரித் பெரே கண்டுபிடித்த கதிரியக்கத் தனிமம். அதன் ஆயுள் நிமிடக்கணக்கில் என்பதால் அதை இங்கே விட்டுவிடுகிறேன்.

குடும்பச் சாயலைப் பார்க்க ஆய்வுக்கூடம் போகவேண்டியதில்லை. சமையலறையில் உப்புப் போட்ட சாம்பார் பொங்கி ஸ்டவ்வில் வழிந்தால் நீலச் சுடர் சட்டென்று மஞ்சளாகும். அது சோடியத்தின் கையெழுத்து. எல்.இ.டி. வருவதற்கு முன் புனேயின் சாலைகளை மஞ்சளாக்கிய தெருவிளக்குகளும் சோடியம்தான். லித்தியம் என்றால் செக்கச்சிவப்பு, பொட்டாசியம் என்றால் இளம் ஊதா. எல்லாவற்றுக்கும் வெளிக்கூட்டில் ஒற்றை எலக்ட்ரான். கத்தியால் நறுக்கக்கூடிய மென்மை. கீழே போகப்போக அணு பெரிதாகி, அணுக்களுக்கு இடையிலுள்ள பிடி தளர்கிறது. அதனால் உருகுநிலை சரிகிறது. லித்தியம் 180 டிகிரியில் உருகும், சோடியம் 98, பொட்டாசியம் 63, ருபீடியம் 39, சீசியம் 28. புனேயில் 40 டிகிரியைத் தொடும் ஏப்ரல் மத்தியானத்தில் ருபீடியம் அடைத்த கண்ணாடிக் குப்பியை வீட்டு பால்கனியில் வைத்தால் உருகி ஓடும். சீசியத்துக்கு அவ்வளவு வெயிலும் தேவையில்லை.

அடர்த்தியில் ஒரு வேடிக்கை. கீழே போனால் கனம் கூடவேண்டும் அல்லவா? பொட்டாசியம் (0.86) சோடியத்தைவிட (0.97) லேசானது. லித்தியம் அதைவிட லேசு, 0.53 தான். மண்ணெண்ணெயில் போட்டால்கூட மேலே மிதந்து காற்றில் தலை நீட்டும். எனவே சோடியத்தைப் போல அதை மண்ணெண்ணெயில் போட்டுவைக்க முடியாது, மெழுகு அல்லது வாசலைன் பூசித்தான் வைக்கவேண்டும்.

சரி, அந்தப் பெண்ணின் கேள்விக்கு வருவோம். இதைக் குடும்ப பட்ஜெட் போலப் பார்க்கலாம். ஒரு உலோகத் துண்டு தண்ணீரில் அயனியாகவேண்டுமானால் மூன்று வரவு செலவு. முதலில் அணுவைக் கட்டியிலிருந்து பிய்த்தெடுக்கவேண்டும், அது செலவு. பிறகு அதன் எலக்ட்ரானை உருவவேண்டும், அதுவும் செலவு. கடைசியில் அந்த அயனியைத் தண்ணீர் மூலக்கூறுகள் சூழ்ந்துகொள்ளும்போது ஆற்றல் திரும்பக் கிடைக்கும், அது வரவு. ஒரு மோலுக்குக் கிலோ ஜூலில் சொன்னால், லித்தியத்துக்கு முதல் செலவு 159, இரண்டாவது 520, ஆக 679. வரவு சுமார் 520. நிகரச் செலவு 160 அளவில் நிற்கிறது. சோடியத்துக்கு 107-ம் 496-ம் சேர்ந்து 603. வரவு சுமார் 406-தான், நிகரம் 197. சீசியத்துக்கு 76-ம் 376-ம் சேர்ந்து 452, வரவு வெறும் 264 அளவு, நிகரம் 188.

எலக்ட்ரானை உருவுவதற்கு மட்டும் ஆகும் செலவைப் பார்த்தால் சீசியம்தான் மலிவு. 'கீழே போகப்போக வினைத்திறன் கூடும்' என்று பாடம் சொல்வது இந்த ஒரு வரியைப் பார்த்துத்தான். ஆனால் லித்தியத்தின் அயனி மிகச் சிறியது. அதன் மின்னூட்டம் ஒரு சின்னப் புள்ளியில் குவிந்திருப்பதால் தண்ணீர் அதை இறுகக் கட்டிக்கொள்கிறது. எனவே அதிகம் செலவழித்தும் கடைசியில் கணக்குத் தீர்க்கும்போது லாபம் லித்தியத்துக்கே. நடுவில் மாட்டிக்கொண்டது சோடியம். செலவும் பெரிதாகக் குறையவில்லை, வரவும் பெரிதாக இல்லை.

வெளிவரும் வெப்பத்தை அளந்தாலும் இதே தீர்ப்புதான். தண்ணீரோடு வினைபுரியும்போது ஒரு மோல் லித்தியம் சுமார் 222 கிலோ ஜூல் தருகிறது, சோடியம் 184, சீசியம் 203. எடையால் வகுத்துவிட்டால் வித்தியாசம் மலைக்க வைக்கும். ஒரு கிராம் லித்தியம் 32 கிலோ ஜூல், ஒரு கிராம் சோடியம் 8, ஒரு கிராம் சீசியம் ஒன்றரை. பிரிட்டனில் 'பிரெய்னியாக்' என்ற தொலைக்காட்சி நிகழ்ச்சியில் சீசியத்தைத் தண்ணீர்த் தொட்டியில் போட்டுத் தொட்டியே சிதறுவதாகக் காட்டினார்கள். உண்மையில் சீசியம் எதிர்பார்த்தபடி வெடிக்காததால் வெடிமருந்து வைத்துக் காட்டினார்கள் என்பது பிறகு வெளிவந்தது. அந்தப் படத்தை இன்றும் பலர் நிஜமென்று நம்பிக் கொண்டிருக்கிறார்கள், நம் பிள்ளைகள் உட்பட.

அப்படியானால் ஆய்வுக்கூடத்தில் லித்தியம் ஏன் அலட்டிக்கொள்ளாமல் குமிழ் விடுகிறது? பாடப்புத்தகம் சொல்லாத பதில் இங்கேதான் இருக்கிறது. எவ்வளவு ஆற்றல் வெளிவரும் என்பது ஒரு கேள்வி, எவ்வளவு வேகமாக வெளிவரும் என்பது வேறு கேள்வி. சோடியம் 98 டிகிரியில் உருகிவிடுவதால் வினையின் சூட்டிலேயே அது உருண்டையாகி, மேற்பரப்பு ஓயாமல் புதுப்பிக்கப்பட்டு, தண்ணீர்மேல் ஓடுகிறது. லித்தியம் உருக 180 டிகிரி வேண்டும். சுற்றிலும் தண்ணீர் குளிரவைக்கும்போது அந்தச் சூடு எங்கே சேர்வது? அது கட்டியாகவே கிடக்கிறது. போதாக்குறைக்கு, அதன்மேல் உண்டாகும் லித்தியம் ஹைட்ராக்சைடு மற்ற காரங்களைப் போலச் சுலபமாகக் கரைவதில்லை. நிறைய பணம் வைத்திருந்தும் மெல்ல மெல்லச் செலவழிக்கும் ஆசாமி அது.

வெடிப்பைப் பற்றியும் நெடுநாள் ஒரு தவறான எண்ணம் இருந்தது. ஹைட்ரஜன் வாயு தீப்பற்றுவதால்தான் சோடியமும் பொட்டாசியமும் வெடிக்கின்றன என்று நானும் அப்படித்தான் படித்தேன். ஆனால் உலோகத்துக்கும் தண்ணீருக்கும் நடுவே ஹைட்ரஜனும் நீராவியும் திரைபோல நின்றால் வினை நின்றுபோகவல்லவா வேண்டும்? பிராக் நகரில் பாவெல் யுங்விர்த்தும் சகாக்களும் சோடியம் பொட்டாசியக் கலவைத் துளிகளைத் தண்ணீரில் விட்டு அதிவேகக் கேமராவில் பிடித்து 2015-ல் வெளியிட்டார்கள். துளி தண்ணீரைத் தொட்டு ஒரு மில்லி செகண்டு முடிவதற்குள் அதிலிருந்து ஊசி ஊசியாக உலோகம் பாய்கிறது. மேற்பரப்பு அணுக்கள் எல்லாம் ஒரே நேரத்தில் எலக்ட்ரானைத் தண்ணீரிடம் இழந்துவிடுகின்றன. மிஞ்சுவது நேர்மின் அயனிகளின் நெரிசல். ஒன்றையொன்று விலக்கித் தள்ளியதில் துளி கிழிந்து, புதுப் பரப்பு கிடைத்து, வினை பன்மடங்காகிறது. ஹைட்ரஜன் பற்றுவதெல்லாம் அதற்குப் பின்னால்தான். இருநூறு வருஷமாகப் பள்ளிக்கூடங்களில் காட்டிவந்த ஒரு சோதனையில் இவ்வளவு விஷயம் ஒளிந்திருந்தது!

'எவ்வளவு', 'எவ்வளவு வேகம்' என்ற இரண்டோடு மூன்றாவது கேள்வியும் உண்டு. யாரோடு? நைட்ரஜனோடு சாதாரண வெப்பநிலையிலேயே சேரும் கார உலோகம் லித்தியம் ஒன்றுதான், மற்றவை சீந்துவதில்லை. காற்றில் எரித்தால் லித்தியம் சாதாரண ஆக்சைடாகவும், சோடியம் முக்கியமாகப் பெராக்சைடாகவும், பொட்டாசியம் சூப்பர் ஆக்சைடாகவும் மாறுகின்றன. அந்தப் பொட்டாசியம் சூப்பர் ஆக்சைடு நாம் விடும் மூச்சிலுள்ள கரியமில வாயுவை வாங்கிக்கொண்டு ஆக்சிஜனைத் தரும் என்பதால் சுரங்கத் தொழிலாளர்களின் அவசரகாலச் சுவாசக் கருவிகளில் இடம் பிடித்தது.

'யாரோடு' என்பதற்குக் கல்பாக்கத்தைவிட நல்ல உதாரணம் கிடையாது. அங்கே 1985 அக்டோபர் 18-ல் இயங்கத் தொடங்கிய வேக ஈனுலை சோதனை உலையிலும், அதன் பக்கத்தில் எழுந்த 500 மெகாவாட் முன்மாதிரி உலையிலும் வெப்பத்தை எடுத்துச் செல்வது உருகிய சோடியம். பெரிய உலையில் ஆயிரத்து ஐந்நூறு டன்னுக்கும் மேல் சோடியம். தண்ணீரைக் கண்டால் வெடிக்கும் ஒன்றை, கடற்கரையில், அணு உலைக்குள் கொட்டுவதா என்று கேட்கத் தோன்றும். தண்ணீரை உபயோகித்தால் அது நியூட்ரான்களின் வேகத்தைக் குறைத்துவிடும். சோடியம் அவ்வளவாகக் குறைக்காது. 883 டிகிரி வரை கொதிக்காது என்பதால் ஐந்நூறு டிகிரிக்கு மேலும் அழுத்தமில்லாமல் ஓடும். துருப்பிடிக்காத எஃகோடு அதற்குச் சண்டையே கிடையாது. ஆக்சிஜன் மாசு குறைவாக இருக்கும்வரை குழாயை அரிக்காமல் வருஷக்கணக்கில் சுற்றிவரும். எஃகிடம் பசு, தண்ணீரிடம் புலி. நீராவி உண்டாக்கும் கலனில் இந்தப் பசுவுக்கும் தண்ணீருக்கும் நடுவே நிற்பது ஒரு குழாய்ச் சுவர் மட்டுமே. அதன் பற்றவைப்புகளை அங்கே தவம்போலச் சோதிப்பது அதனால்தான். ஜப்பானின் மொஞ்சு உலையில் 1995 டிசம்பரில் சோடியம் கசிந்து தீப்பிடித்த பிறகு, பதினாலு வருஷத்துக்கு மேல் அந்த உலை இயங்கவில்லை.

இனி நம்ம ஊர் விஷயம். ஔந்த்திலிருந்து பாஷாண் போகும் பக்கத்தில் தேசிய வேதியியல் ஆய்வுக்கூடம் இருப்பது இங்குள்ள தமிழர்களுக்குத் தெரியும். 1950 ஜனவரி 3-ல் நேரு திறந்து வைத்தது. அதன் முதல் இந்திய இயக்குநர் சென்னையில் பிறந்த கே. வெங்கடராமன். சாயப்பொருள் வேதியியலில் உலகப் புகழ் பெற்ற அவர் பெயர் தாங்கிய 'பேக்கர்–வெங்கடராமன் மாற்றம்' நடப்பதற்கும் ஒரு காரம் வேண்டும், பெரும்பாலும் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு. அதே பாஷாணில் 2006-ல் ஐசர் கல்விநிறுவனம் வந்தது. ஐசர் பேராசிரியர் சதீஷ்சந்திர ஒகலேயின் குழுவும் ஹிஞ்ஜவடியில் இருக்கும் கே.பி.ஐ.டி. நிறுவனமும் பல வருஷம் சேர்ந்து உழைத்த சோடியம் அயனி மின்கலத் தொழில்நுட்பத்தை 2023 டிசம்பரில் புனேயில் அறிவித்தார்கள். லித்தியத்தின் இடத்தில் சோடியம்! புத்தகத்தில் நீக்கிய பாடம் வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் தொழிலாகிக் கொண்டிருக்கிறது. பெரிய நஷ்டம் என்று சொன்னது இதற்காகத்தான்.

ஏன் இந்த மாற்று? லித்தியம் பூமியின் மேலோட்டில் லட்சத்துக்கு இரண்டு பங்கு அளவே. சோடியமோ நூற்றுக்கு இரண்டு பங்குக்கு மேல், கடல் வேறு இருக்கிறது. தூத்துக்குடி உப்பளங்களைப் பார்த்தவர்களுக்கு விளக்க வேண்டாம். ஜம்மு காஷ்மீரின் ரியாசியில் 59 லட்சம் டன் லித்தியத் தாதுவளம் இருப்பதாக 2023 பிப்ரவரியில் அறிவித்தபோது நாடே குதூகலித்தது. ஆனால் அது முதல்கட்ட மதிப்பீடுதான், தாது வேறு, உலோகம் வேறு.

மறுபக்கம், மேலே போட்ட கணக்கு இங்கே சோடியத்தைக் கொஞ்சம் கடிக்கிறது. மின்முனை அழுத்தத்தில் லித்தியத்தைவிட மூன்றில் ஒரு பங்கு வோல்ட் குறைவு. எடை மூன்று மடங்குக்கு மேல், 7-க்கு 23. எனவே ஒரே எடைக்குக் கிடைக்கும் மின்சாரம் குறையும். சீனாவின் சி.ஏ.டி.எல். 2021-ல் அறிவித்த சோடியம் மின்கலம் கிலோவுக்கு 160 வாட்-மணி. நல்ல லித்தியம் மின்கலங்கள் 200-ஐத் தாண்டிப் பல வருஷம் ஆகிறது. செல்போனுக்கு இது ஒத்துவராது. சோலார் மின்சாரத்தைத் தேக்கிவைக்கவோ, ஆட்டோ ரிக்‌ஷாவுக்கோ எடை அவ்வளவு முக்கியமில்லை, விலைதான் முக்கியம். லித்தியம் அலுமினியத்தோடு கலந்துவிடும் என்பதால் எதிர்முனையில் தாமிரத் தகடு தேவைப்படுகிறது. சோடியம் அலுமினியத்தைத் தொடாது. இரண்டு முனைக்கும் மலிவான அலுமினியமே போதும். இங்கேயும் 'யாரோடு' என்ற கேள்விதான் காசாகிறது. 2022 இறுதியில் உச்சிக்குப் போன லித்தியம் விலை 2023-ல் சரிந்ததால் இந்த லாபம் சுருங்கிப்போனது என்பதையும் சொல்லவேண்டும்.

இதில் பயம் சம்பந்தப்பட்ட விஷயம் ஒன்று உண்டு. 2022 மார்ச்சில் புனேயில் தெருவோரம் நின்றிருந்த மின்சார ஸ்கூட்டர் ஒன்று எரிந்த காட்சி எல்லோர் செல்போனிலும் சுற்றியது. 'லித்தியம் இருக்கு, தண்ணி ஊத்தாதீங்க' என்று அப்போது பலர் சொன்னார்கள். சோடியத் துண்டைத் தண்ணீரில் போட்ட பள்ளி நினைவு செய்யும் வேலை அது. லித்தியம் அயனி மின்கலத்தில் உலோகக் கட்டியாக லித்தியம் கிடையாது. ஏற்கெனவே எலக்ட்ரானை இழந்த அயனியாகவோ, கிராஃபைட் அடுக்குகளுக்கு நடுவில் செருகப்பட்டோ இருக்கிறது. அங்கே எரிவது பெரும்பாலும் உள்ளே இருக்கும் கரிமக் கரைப்பான். அணைந்தாலும் பக்கத்துக் கலம் சூடாகி மறுபடி பற்றும் என்பதுதான் ஆபத்து. அதற்கு வேண்டியது குளிர்ச்சி. அதனால்தான் தீயணைப்புத் துறையினர் அதன்மேல் ஏராளமாகத் தண்ணீர் அடிக்கிறார்கள். நாம் செய்யவேண்டியது விலகி நின்று அவர்களைக் கூப்பிடுவது. நச்சுப்புகை வரும். உண்மையான சோடிய உலோகத் தீக்குத்தான் தண்ணீர் கூடாது. அதற்குத் தூவும் உலர்தூள்களில் ஒன்று எது தெரியுமா? சாதாரண உப்பு, அதாவது சோடியம் குளோரைடு!

கடைசியாக, அந்தப் பெண்ணிடம் நான் சொன்னபோது அவள் நம்ப மறுத்த ஒரு விஷயம். லித்தியம் கிராஃபைட் அடுக்குகளுக்குள் அழகாக நுழைந்து உட்கார்கிறது, இன்றைய மின்கலங்கள் ஓடுவதே அதை வைத்து. சோடியம் உள்ளே போக மாட்டேன் என்கிறது. "சைஸ் பெரிசா இருக்கறதால" என்று அவள் உடனே சொன்னாள். ஆனால் அதைவிடப் பெரிய பொட்டாசியம் தாராளமாக நுழைகிறது. ருபீடியமும் சீசியமும்கூட நுழைகின்றன. வரிசையில் மேலே இருப்பதும் போகிறது, கீழே இருப்பவையும் போகின்றன, நடுவிலிருக்கும் சோடியம் மட்டும் வெளியே. நாம் போட்ட பட்ஜெட்டின் நிலைமைதான் இங்கேயும். லித்தியத்தைப் போலக் கரியோடு இறுகப் பிணையவும் முடியவில்லை, பொட்டாசியத்தைப் போல மலிவாக எலக்ட்ரானை இழக்கவும் முடியவில்லை. அதனால் சோடியம் மின்கலம் செய்பவர்கள் கிராஃபைட்டை விட்டுவிட்டு, அடுக்கு ஒழுங்கில்லாமல் சின்னச் சின்ன இடுக்குகள் நிறைந்த 'கடினக் கரி'யைத் தேடிப் போனார்கள். அதைத் தாவரக் கழிவுகளைச் சுட்டும் செய்யலாம். நன்றாக வருவதாகக் கண்டவற்றில் ஒன்று தேங்காய்ச் சிரட்டை.